நனைந்த பிரஷ்

பல்லுக்குக் கிளிப் போடுவதற்கென்று மருத்துவம் வகுத்து வைத்திருக்கும் வயதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பால் பற்கள் விழுந்து, ஞானப்பல் தவிர மற்றதெல்லாம் முளைத்திருக்கும். தாடையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். நகர்த்தினால் பல் நகரும். எலும்புக்கு இதுதான் சரியான வயது, ஒப்புக்கொள்கிறேன். அந்த எலும்புக்குச் சொந்தக்காரி என்ன லட்சணத்தில் இருக்கிறாள் என்பதைத்தான் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. குளிக்கச் சொல்லி அம்மா தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கும் பிராயத்தில், வாய் நிறைய உலோகத் துண்டுகளை ஒட்டி, அதற்கு நடுவே கம்பியை ஓட்டி, "சாப்பிட்ட பிறகெல்லாம் நல்லா தேய்ச்சுக்கணும், என்ன?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தலையாட்டாத பிள்ளை உண்டா?

நானும் தலையாட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எத்துப்பல். "இப்பவே சரி பண்ணிடுங்க, பின்னாடி கல்யாணத்துக்குப் பாக்க வர்றவங்க வாயைத்தான் பாப்பாங்க" என்று அத்தை ஓதியதில் அப்பா பி.எஃப். கடன் போட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் வந்து, அங்கிருந்து தில்லைநகர். பல் டாக்டர் நல்ல மனுஷர். கோபிக்கவே மாட்டார். அதுதான் வினை.

முதல் நாள் பல்லின் மேல் எதையோ நீலமாகத் தடவிக் கழுவினார். ஆசிட் என்றார். பாஸ்பாரிக் அமிலம். எனாமலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்குமாம். இந்தக் கதையைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். உலோகத்தில் பெயிண்ட் நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதைப் பல்லில் பூசிப் பார்த்தால் என்ன என்று 1955-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார் மைக்கேல் போனோகோர் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் முழுசாக உலோகப் பட்டை மாட்டுவார்களாம். கம்பியின் பூர்வீகம் இன்னும் விசேஷம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்த நிட்டினால், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். 1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற டாக்டர் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த சரக்கின் மேல்தான் நான் காலை டிபனின் கறிவேப்பிலையைச் சாயங்காலம் வரை தொங்கவிட்டிருந்தேன்.

தேய்க்கும் முறை ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. கம்பிக்கு மேலே பிரஷைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று. கம்பிக்குக் கீழே மேல்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று. கிளிப்பின் முகத்தில் நேராக ஒரு சுற்று. இதற்கென்றே நடுவில் பள்ளம் விழுந்த பிரஷ் ஒன்று கொடுத்திருந்தார். அது முடிந்ததும், பால் புட்டி கழுவும் பிரஷ் குட்டி போட்டாற்போல இருக்கும் இன்னொன்றைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே விட்டு எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம். ராத்திரி மட்டும் இன்னும் கொஞ்சம் கூட.

காலையில் தேய்த்தேன். பொய் சொல்லவில்லை. காலையில் பல் தேய்க்காமல் காபி தரமாட்டாள் அம்மா. ராத்திரிதான் சிக்கல். சாப்பிட்டு, படித்து, கண் சொருகும் நேரத்தில் எழுந்து போய்க் கண்ணாடி முன் வாயைப் பிளக்க எந்தப் பதினாலு வயசுக்கு மனசு வரும்? முதலில் நான் கண்டுபிடித்த வழி, பிரஷைக் குழாயில் நனைத்து வைப்பது. அம்மா படுக்கும் முன் கொல்லைப்புறம் போகும்போது பிரஷைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம். திருப்தி.

சில நாளில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஊது பாப்போம்" என்றாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனை போலீஸ்காரர் மடக்குகிற தொனி. அன்றிலிருந்து நாக்கில் ஒரு பொட்டு பேஸ்ட்டை வைத்துச் சப்பினேன். அப்புறம், தேய்க்கிற சத்தம் கேட்கவில்லையே என்றாள். வாளியின் விளிம்பில் பிரஷை உரசினேன். தண்ணீர் திறக்க வேண்டும், வாளியைச் சுரண்ட வேண்டும், பேஸ்ட்டைச் சப்பித் துப்ப வேண்டும், பிரஷை நனைத்து உதற வேண்டும். நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் அந்த நேரத்தில் இரண்டு வரிசையையும் தேய்த்து முடித்து, புட்டி பிரஷ் வேலையும் பாதி ஆகியிருக்கும். சோம்பேறி என்று என்னை யாரும் சொல்ல முடியாது. உழைப்பு இருந்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் வாளி.

அந்தப் புட்டி பிரஷுக்கும் வேலை கொடுக்காமல் இல்லை. நவராத்திரிக்குப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கியதும், தசாவதார செட்டில் ஆமை ஓட்டின் இடுக்கு, கருடாழ்வார் இறக்கையின் மடிப்பு, செட்டியார் கடையில் அடுக்கியிருக்கும் குட்டிக் குட்டி மளிகை மூட்டைகளின் சந்து பொந்தெல்லாம் அதை வைத்தே சுத்தம் செய்தேன். அந்த வருஷம் கொலு பார்க்க வந்த மாமிகள் எல்லாரும் பொம்மைகள் புதுசா என்று கேட்டார்கள். "எல்லாம் எம்பொண்ணு கை வேலை" என்று அம்மா சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வாயைத் திறந்து சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பாட்டியின் கட்சி வேறு. அவளுக்கு இந்தக் கம்பி, பிரஷ் எதிலும் நம்பிக்கை கிடையாது. வேப்பங்குச்சியை மென்றால் போதும் என்பாள். சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கைக் குட்டி உரலில் போட்டு இடித்துக்கொள்வாள். மெல்லுவதற்கு அவளிடம் பல் இல்லை. இருந்தாலும் நான் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டேன். சோம்பலுக்கு ஒரு சித்த வைத்தியப் பின்னணி கிடைத்தால் விடுவானேன்.

அடுத்தது சாப்பாடு. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முறுக்கு கூடாது, தட்டை கூடாது, கடலை மிட்டாய் கூடாது, கமர்கட் கூடவே கூடாது, கரும்பைக் கடிக்கக் கூடாது, கொய்யாக்காயை நறுக்கித்தான் தின்ன வேண்டும். திருச்சிக்காரப் பிள்ளையிடம் பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்காதே என்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. ஆனாலும் கரும்பை விட்டேன். என்னை வீழ்த்தியது சீடை.

ஸ்ரீஜயந்திக்குப் பக்கத்து வீட்டு மாமி ஒரு சம்படம் நிறைய உப்புச்சீடை கொடுத்தனுப்பினாள். மாமியின் சீடை அந்தத் தெருவில் பிரசித்தம். வாயில் போட்டு ஊறவைத்துத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே ஒரு சட்டத் திருத்தம் செய்துகொண்டேன். முதல் சில சீடைகள் ஊறின. அப்புறம் எனக்குப் பொறுமை இல்லை. டக் என்று ஒரு சத்தம். சீடை உடைந்தது என்று நினைத்தேன். நாக்கால் தடவினால், கீழ்க் கடைவாய்ப் பக்கத்தில் ஒரு கிளிப் பல்லைவிட்டுக் கழன்று கம்பியில் மணி கோத்தாற்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டரிடம் போனோம். அம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

"என்னம்மா சாப்பிட்டே?"

சீடை என்று சொன்னால் அம்மா அங்கேயே ஆரம்பித்துவிடுவாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "இட்லி, டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "உங்க வீட்டு இட்லி அவ்வளவு கெட்டியாம்மா?" என்றார். உதவிக்கு நின்ற நர்ஸ் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் இட்லி பூப்போல இருக்கும் என்பது எங்கள் குடும்பத்தில் சொத்து விவகாரத்தைவிட உறுதியாக நிலைநாட்டப்பட்ட விஷயம். உளுந்து ஊறும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைப்பவள். "இல்ல டாக்டர், நேத்து மாவு கொஞ்சம் சரியா பொங்கல" என்று எனக்காக ஒரு பொய் சொன்னாள். பெற்ற பெண்ணைச் சபையில் பொய்யாக்கக் கூடாது என்று, தன் இட்லியைப் பலி கொடுத்தாள். திரும்பி வரும் வழி முழுவதும் பேசவில்லை. சீடை என்று அவளுக்கு அப்போதே தெரியும் என்றுதான் நினைத்தேன். தெரியாதாம். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் வாய் தவறி உளறியபோதுதான் தெரிந்துகொண்டாள். அதுவரை அத்தனை வருஷமும் உளுந்து விகிதத்தில் எங்கே பிழை என்று யோசித்திருக்கிறாள்.

கிளிப்பைச் சுற்றி மாட்டும் குட்டி ரப்பர் வளையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசா மாசம் மாற்றும்போது நாமே நிறம் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிச் சீருடைக்குப் பொருத்தமாக வெளிர்நீலம் கேட்டு வாங்கினேன். சாம்பார் மஞ்சளும் நீலமும் கலந்தால் என்ன ஆகும் என்று ஓவிய வகுப்பில் படித்திருந்தும் உறைக்கவில்லை. ஒரே வாரத்தில் பாசி பிடித்த பச்சை.

எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாம் என்று நம்பியது டாக்டரிடம் போகும் நாள் காலையில்தான். மாதம் முழுவதும் தேய்க்காததை அன்று ஒரே மூச்சில் தேய்ப்பேன். கை வலிக்கும். வாய் பளபளக்கும். டாக்டர் நாற்காலியைச் சாய்த்து, ஈறின் ஓரத்தில் கம்பி முனையால் லேசாகத் தொடுவார். ரத்தம். "இன்னிக்குக் காலைல நல்லா தேய்ச்சியா?" என்பார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஆச்சரியப்படுவேன். இதில் மாயமே கிடையாது. பல்லில் படிந்ததை ஒரே காலையில் எடுத்துவிடலாம். வீங்கிய ஈறு வடிய ஒரு வாரமாவது ஆகும். நல்ல ஈறு தொட்டதற்கெல்லாம் கசியாது. வீங்கிச் சிவந்த ஈறைத்தான் அன்று காலை நான் முரட்டுத்தனமாகத் தேய்த்து இன்னும் புண்ணாக்கிக்கொண்டு வந்திருப்பேன். குற்றவாளி தானே தடயத்தைத் துடைத்து மெருகேற்றிக் கொண்டுவந்து கொடுப்பதை அவர் எத்தனை பேரிடம் பார்த்திருப்பார்.

ஒரு தடவை பேசாமல் ஒரு மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். மென்று கொப்பளித்ததும் கையில் கண்ணாடியைத் தந்தார். பல்லெல்லாம் ரோஸ். சுத்தமான இடத்தில் ஒட்டாது, அழுக்குப் படலத்தில் மட்டும் ஒட்டும் சாயம் அது. எரித்ரோசின் என்று பெயர், செர்ரிப் பழத்துக்குச் சிவப்பு ஏற்றப் பயன்படும் அதே சாயம். கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கிளிப்பைச் சுற்றியும் ரோஸ் பட்டை, ஈறு ஓரமாக நீளத்துக்கு ரோஸ் கரை. பட்டுப் புடவைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக பார்டர் போட மாட்டார்கள். "எங்கெல்லாம் ரோஸ் இருக்கோ அங்கெல்லாம் பிரஷ் போகல. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வரும்போது பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தேன். கண்டக்டர் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "என்ன பாப்பா, இந்த வயசுலயே வெத்தலையா?" என்றார். லேடீஸ் சீட் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

இவ்வளவுக்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், திருந்தினேன், ஒரு வாரம். ஈறு வலி போனதும் பழையபடி வாளி.

ஒரு வழியாகப் பதினொன்றாம் வகுப்பில் கிளிப்பைக் கழற்றினார்கள். பல் வரிசையாக நின்றது. எத்துப்பல் போய்விட்டது. நாக்கால் தடவினால் அந்த வழவழப்பு நம்பவே முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். முன்பல் இரண்டுக்கும் பக்கத்துப் பற்களில் சின்னச் சதுரமாக ஓரிடம் மட்டும் பல் நிறத்தில் இருந்தது. கிளிப் ஒட்டியிருந்த இடம். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளை. கழுவினால் போய்விடும் என்று நினைத்து விரலால் தேய்த்தேன். அது கறை அல்ல, அரிப்பு. வாயில் குடியிருக்கும் பாக்டீரியா நாம் விட்டுவைக்கும் சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலம் கக்கும். வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு அதற்குத் துணை நிற்கும். கிளிப்பைச் சுற்றி மாவு அப்பிக் கிடந்தால் எச்சிலும் அண்டாது, ஃப்ளோரைடும் அண்டாது. தேய்க்காமல் விட்டால் ஒரே மாதத்தில்கூட வெள்ளை தெரிய ஆரம்பித்துவிடுமாம். ஃப்ளோரைடு என் நாக்கில் இருந்தது. வாளியில் இருந்தது. பல்லுக்குத்தான் போகவில்லை.

"கொஞ்சம் மங்கும், முழுசா போகாது" என்றார் டாக்டர். மங்கத்தான் செய்தது. போகத்தான் இல்லை.

அதோடு விட்டதா? கழற்றிய பல் பழைய இடத்துக்கே நழுவப் பார்க்கும் என்று ரோஸ் நிற பிளாஸ்டிக்கில் கம்பி வைத்த ரீட்டெய்னர் ஒன்று கொடுத்தார்கள். சாப்பிடும்போது கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும். டப்பாவை நான் எங்கும் எடுத்துப் போனதில்லை. மன்னார்குடியில் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் ரீட்டெய்னரைக் கழற்றி, யாரும் பார்க்கக் கூடாதென்று, இலை ஓரத்தில் அப்பளத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்பளத்தைத் தின்றதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குள் பால் பாயசம் வந்துவிட்டது. பாயசம் நன்றாக இருந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கை கழுவும்போதுதான் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. ஓடினேன். அந்த வரிசையை எடுத்து முடித்து, பின்கட்டில் கொட்டியாகிவிட்டது. நான் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எச்சில் இலைகளைப் புரட்டுவதைப் பார்த்து ஒரு பெரியவர், "என்னம்மா, தோடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "பொண்ணோட தங்கத்தோடு விழுந்துடுச்சாம்" என்று செய்தி பரவி, பெரியம்மா, இரண்டு மாமாக்கள், சமையல் கோஷ்டியில் ஒரு பையன் என்று ஒரு படையே இலைக் குவியலில் இறங்கிவிட்டது. சமையல் பையன்தான் முதலில் விவரம் கேட்டான். "என்ன மாதிரி தோடுக்கா? கல்லு வெச்சதா?"

"தோடு இல்ல. ரோஸ் கலர் பிளாஸ்டிக். வாய்ல போடறது."

மாமா கையிலிருந்த இலையை அப்படியே போட்டார். "பல்செட்டா? உனக்கா?" என்றார். அந்தக் கேள்வி மண்டபத்து முன்வாசல் வரை கேட்டிருக்கும். ஒரு நிமிஷத்தில் குவியலருகே நானும் இரண்டு நாய்களும் மட்டும்தான். கிடைக்கவில்லை. அடுத்ததைச் செய்துகொள்ளப் பணம் கேட்க அப்பாவிடம் போகத் தைரியம் வராமல் தள்ளிப்போட்டதில், மேல் முன்பல் ஒன்று அசைந்து அசைந்து பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான்.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கும் கிளிப். எத்துப்பல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. நாங்கள் தண்ணீர்க் குழாயை நம்பி வாழ்ந்தோம். இவளிடம் பேட்டரியில் ஓடும் பிரஷ் இருக்கிறது. இரண்டு நிமிஷம் ஆனதும் தானே நின்றுவிடும். தினம் ராத்திரி பாத்ரூம் கதவு சாத்தியதும் ரீங்காரம் கேட்கும். சரியாக இரண்டு நிமிஷம். பரவாயில்லையே, என்னைப்போல் இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டபோதுதான் உறைத்தது. பிரஷ் கம்பியில் பட்டால் சத்தம் மாறும். கடகடக்கும், அழுந்தும், இடம் மாறும். இங்கே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே சுருதி. கதவைத் தள்ளினேன். ஒரு கையில் பிரஷ் அந்தரத்தில் ஓடுகிறது. இன்னொரு கையில் போன்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ தொழில்காரருக்குத் தொழில்காரர் மேல் வரும் மரியாதை. ஆனாலும் அம்மா என்று ஒரு பதவி இருக்கிறதே. ஈறு, எனாமல், பி.எச்., வெள்ளைத் திட்டு என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாளியை ஏம்மா விட்டுட்டே? அதையும் சொல்லு" என்றாள்.

பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பேத்திக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் முறைத்தேன். அவள் சட்டை செய்யவில்லை.

"வர்ற சனிக்கிழமை இவளுக்குக் கம்பி மாத்தணும் இல்லையா? நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா அவ்வளவு தூரம்?"

"பழைய டாக்டர் சனிக்கிழமை மட்டும் வராராம். போன் பண்ணிக் கேட்டேன். அன்னிக்கு அது இட்லி இல்ல, சீடைன்னு அவர்கிட்ட உன் வாயால சொல்லிடு."